செய்து கற்கும் கூடம்: ஊர்ப் பள்ளிக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில், பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்த்துப் பாடம் கற்பதற்கென ஒரு கூடம் கட்டுவதென்று பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி, 30 அடி நீளமும் 20 அடி அகலமுமாக, தகரக் கூரையும் சிமெண்டுத் தளமும் கொண்டதாக அது அமையும். அதற்கு உங்கள் உதவியை நாடியே இம்மடலை எழுதுகிறோம்.

அறிவியல் ஆய்வகம் ஒன்று இருக்கும்போது இது எதற்கு என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆய்வகத்தில் நடப்பவை பெரும்பாலும் விடை முன்பே தெரிந்த சோதனைகள்; பிள்ளைகள் அந்த விடை வரும்வரை செய்துவிட்டு, செய்முறை ஏட்டை நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். நாங்கள் கேட்கும் கூடம், விடை தெரியாத வேலையைக் கையில் எடுப்பதற்கானது.

சென்ற ஆண்டு பள்ளியின் தண்ணீர்த் தொட்டி மோட்டார் உறுமியதே தவிர ஓடவில்லை. பழுது பார்க்க வந்த, மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடைக்காரரை எங்கள் அறிவியல் ஆசிரியை விடவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்து, அவர் கடையில் கிடந்த பழைய மோட்டார் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிப் பிரிக்க வைத்தார். கண்டன்சர் (மின்னூட்டத்தைத் தேக்கித் தரும் சிறு பாகம்) போய்விட்டது என்று கடைக்காரர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அது போனால் ஏன் உறும வேண்டும், ஏன் அறவே நின்றுவிடவில்லை என்று ஒரு மாணவி கேட்டபோதுதான் பாடம் தொடங்கியது. வீட்டு மின்சாரத்தின் ஒரே பேஸில் எழும் காந்தப்புலம் கூடிக் குறையுமே ஒழியத் தானாகச் சுழலாது என்பதையும், கண்டன்சர் வழியே மோட்டாரின் இரண்டாம் கம்பிச் சுற்றுக்குப் போகும் மின்னோட்டம் சற்றே முந்தி நிற்பதால்தான் புலத்துக்குச் சுழற்சியும் மோட்டாருக்குத் தொடக்க உந்தலும் கிடைக்கின்றன என்பதையும் ஆசிரியை கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிள்ளைகள் பிரித்த மோட்டாரில் அந்த இரண்டு சுற்றுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். மறுநாள் மழை வந்து, தாழ்வாரத்தில் பரப்பியிருந்ததையெல்லாம் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. கூடம் வேண்டும் என்ற பேச்சு அன்றுதான் எழுந்தது.

எங்கள் பிள்ளைகளுக்கு அனுபவம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. விடுமுறையில் மஞ்சள் காயப்போடுவதும், மாட்டுக்குத் தீவனம் வைப்பதும், தறி நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றித் தருவதும் அவர்கள் அன்றாடம் செய்பவை. ஆனால் செய்துவிட்டதாலேயே கற்றதாக ஆகிவிடாது. எல்லா அனுபவமும் கல்வி ஆகாது என்று அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1938இலேயே எழுதினார். செய்தது, செய்ததைத் திரும்ப எண்ணிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு கருத்தைப் பிடிப்பது, அந்தக் கருத்தை மறுபடி செய்து சோதிப்பது என்னும் நான்கையும் ஒரு சுழற்சியாக மற்றோர் அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் கோல்ப் 1984இல் வகுத்துக் காட்டினார். எங்கள் ஊரில் முதலாவது தாராளமாக இருக்கிறது. மற்ற மூன்றுக்குத்தான் இடமும் நேரமும் இல்லை.

நூல் நம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்பர் கூடினால் நூல் மெல்லிசு என்பது தார் சுற்றும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எதிர் விகிதக் கணக்கில் அதே பிள்ளை தடுமாறுகிறது. 20ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீள நூற்கட்டுகள் (சிட்டாக்கள்) 20 இருக்கும். 40ஆம் நம்பர் என்றால் அதே எடையில் 40 இருக்கும். எடை மாறாமல் நீளம் இரட்டிப்பானால் ஒவ்வொரு கெஜத்தின் எடையும் பாதியாகத்தானே வேண்டும்? ஒரு தராசும் இரண்டு கண்டு நூலும் இருந்தால் ஒரு பாடவேளையில் புரிய வைக்கலாம். ஆரத்தியில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் சிவப்பதற்கும், வகுப்பில் படிக்கும் அமிலம், காரத்துக்கும் உள்ள உறவும் அப்படித்தான். கூடத்தின் கூரையே ஒரு பாடமாகும்: 600 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 550 லிட்டர் தண்ணீர் இறங்கும். மழைமானியைப் படித்துக் கணக்கிட்டு, தொட்டியில் உண்மையில் எவ்வளவு சேர்ந்தது, எங்கே குறைந்தது என்று பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பெற்றோர் சிலர் வேறோர் ஐயத்தை எழுப்பினார்கள். அதை மறைத்துவிட்டு நன்கொடை கேட்பது முறையன்று. 1953இல் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று ஈரோட்டுப் பெரியார் எதிர்த்ததும், 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டதும் நாடறிந்தவை. தறிக்காரர் மகனைத் தறிக்கே திருப்பும் ஏற்பாடு எதுவாயினும் நாங்களும் எதிர்ப்போம். இக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும், ஆண் பெண் வேறுபாடின்றி, எல்லா மேசைகளிலும் முறை வைத்து வேலை செய்வார்கள். பாடவேளை எதுவும் குறைக்கப்படாது. செய்யும் பொருளை விற்கவும் மாட்டோம். பள்ளிப் படிப்பு இல்லாமலே முன்னேறலாம் என்பதற்குக் கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி. டி. நாயுடுவைக் காட்டுபவர்கள், அவரே 1945இல் முன்னின்று ஒரு பாலிடெக்னிக்கைத் தொடங்கியதை ஏனோ சொல்வதில்லை.

கட்டடத்துக்கு 5,40,000 ரூபாயும், மேசைகளுக்கும் கருவிகளுக்கும் 1,60,000 ரூபாயும், மின் இணைப்புக்கும் பாதுகாப்புச் சாதனங்களுக்கும் 60,000 ரூபாயும், மழைநீர்த் தொட்டிக்கு 40,000 ரூபாயுமாக மொத்தம் 8,00,000 ரூபாய் ஆகுமென மதிப்பிட்டுள்ளோம். ஆசிரியர்களும் குழுவினரும் தந்த 1,35,000 ரூபாய் கையில் இருக்கிறது. மீதியைத் திருப்பூரிலும் கோவையிலும் கரூரிலும் தொழில் செய்யும் முன்னாள் மாணவர்களையும், ஊரிலேயே இருந்து பள்ளியைத் தாங்கிவரும் பெரியவர்களையும் நம்பித்தான் தொடங்குகிறோம். தொகை சிறிதாயினும் தயங்க வேண்டாம்.

பணமாகத் தர இயலாதவர்கள் பொருளாகவும் தரலாம். ஓடாத மோட்டார், பழைய மிக்ஸி, தராசு, கைத்தறி அச்சு, நாடா, தச்சுக் கருவிகள் ஆகியவை மிகவும் பயன்படும். பழைய கணினித் திரைகளை மட்டும் அனுப்ப வேண்டாம். முன்பு வந்தவையே ஓர் அறையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. இவை எல்லாவற்றையும்விட நாங்கள் பெரிதாகக் கேட்பது, மாதத்தில் ஒரு பிற்பகல் வந்து பிள்ளைகளுக்குத் தம் வேலையைக் காட்டித் தரக்கூடிய நெசவாளர், தச்சர், மெக்கானிக், விவசாயி ஆகியோரின் நேரத்தை. ஆசிரியர் உடனிருந்து அந்த வேலையைப் பாடத்தோடு இணைப்பார்.

நன்கொடைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம், அல்லது தலைமையாசிரியர் அறையில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். வரிச்சலுகைச் சான்று வழங்கும் வசதி எங்கள் குழுவுக்கு இல்லை என்பதை முன்னதாகவே தெரிவித்துவிடுகிறோம். வரவு செலவு மாதந்தோறும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ரசீதுகளை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சித்திரையில் அடித்தளம் போட்டு, கோடை விடுமுறைக்குள் கூரை வேய்ந்துவிட எண்ணியிருப்பதால், இயன்றவர்கள் பங்குனி முடிவதற்குள் தங்கள் பங்கைத் தெரிவித்தால் கொத்தனாரிடம் முன்பணம் கொடுக்க உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினரும் முன்னாள் மாணவர்களும்