படர்தாமரைக்கு கேட்டதும் கிடைக்கிற க்ரீம்

ஆசிரியருக்கு வணக்கம். வெயில் காலம் வந்தாலே இடுப்பு, தொடை இடுக்குல படர்தாமரை வந்து ஊர்ல பல பேரு சொறிஞ்சுக்கிட்டு இருக்காங்க, ஆனா வெளிய சொல்ல கூச்சம், நேரா மெடிக்கல் ஷாப்புக்கு போய் "அரிப்புக்கு ஏதாவது குடுங்கண்ணே"ன்னு கேட்டா அவரும் பாட்டுக்கு ஒரு ட்யூப எடுத்து நீட்டுறாரு. இதுல பலது க்ளோபீட்டசால் மாதிரி ஸ்டீராய்டு கலந்தது. தடவுனா அரிப்பும் சிவப்பும் சட்டுனு அடங்கிடும், ஆனா தோலோட மேல் அடுக்குல கெரட்டின்ங்குற புரதத்தைத் தின்னு வாழுற, படர்தாமரைக்கு காரணமான பூஞ்சை சாகாது, ஸ்டீராய்டு உடம்போட எதிர்ப்பை அமுக்குறதால இன்னும் ஜோரா பரவும். ஓரம் தடிச்சு நடுவுல தெளிவா இருக்குற படர்தாமரையோட வட்டமே கலைஞ்சு போய் டாக்டருக்கே குழப்பம். மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சு தொடையில கோடு கோடா விழும், அது லேசுல போகாது. (முகம் வெள்ளையாகணும்னு இதையே பூசுறவங்க கதை தனி!) 2018-லயே ஸ்டீராய்டு க்ரீம்கள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு சொல்லிடுச்சு, யாரு கேக்குறா? படர்தாமரை வந்தா துண்டு தனியா வைக்கணும், வீட்டுல மத்தவங்களுக்கும் இருக்கான்னு பாக்கணும், தோல் சரியான மாதிரி தெரிஞ்சாலும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மருந்த விடக்கூடாது. மருந்து ஆய்வாளர்கள் கடைக்கு போறப்ப இந்த ட்யூப் விக்கிறதையும் கொஞ்சம் கவனிக்கட்டும்.