லை, லே குழப்பம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லாரும் சுகம். காரைக்குடியில் வெயில் இன்னும் தணியவில்லை. பின்கட்டில் தரை பெயர்ந்துபோய், ஆத்தங்குடியிலிருந்து கல் இறக்கி, கொத்து வேலை நடக்கிறது. வீடு முழுக்கச் சிமெண்டுத் தூசி.

பேத்தி ஆங்கிலத்தில் 'லை' (lie), 'லே' (lay) இரண்டுக்கும் தடுமாறுகிறாள் என்று எழுதியிருந்தாய். வாய்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொன்னால் யாருக்கும் மண்டையில் ஏறாது. நம் தன்வினை, பிறவினையை வைத்துச் சொல்லிக் கொடு. தானாகக் கிடந்தால் லை, ஒன்றைக் கிடத்தினால் லே. எங்கள் முற்றத்தில் கல் கிடக்கிறது, அது லை. கொத்தனார் கலவையைப் பரப்பி, கல்லை வைத்து, கட்டையால் மெல்லத் தட்டிப் பதிக்கிறார், அது லே. கோழி முட்டையிடுவதும் லேதான். 'எதை?' என்று கேட்டுப் பார்க்கட்டும். பதில் வந்தால் லே.

வம்பு இறந்தகாலத்தில்தான். லை என்பதன் இறந்தகாலமும் 'லே' என்றே வரும்! நேற்று மத்தியானம் படுத்தேன் என்பதற்கு 'ஐ லே டவுன்' என்பதே சரி. 'ஐ லெய்டு டவுன்' என்று வெள்ளைக்காரர்களே பேசுவதுண்டு, ஆனால் பரீட்சையில் எழுதினால் மார்க் போய்விடும். லெய்டு கொத்தனாருக்கு உரியது: 'ஹி லெய்டு தி டைல்ஸ்'. ஹேவ் சேர்ந்தால் லை 'லெய்ன்' (lain) ஆகும், லே லெய்டாகவே (laid) நிற்கும். பொய் சொல்லும் லை வேறு சொல். அதற்கு இறந்தகாலம் எப்போதும் 'லைடு'.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. லே என்பதே பழங்காலத்தில் லை என்பதிலிருந்து பிறந்த பிறவினை. சிட், செட் இரண்டும் அப்படித்தான். அமர், அமர்த்து போல. ரைஸ், ரெய்ஸ் நம் எழு, எழுப்பு. மரம் விழுந்தால் ஃபால், மரத்தை வெட்டி வீழ்த்தினால் ஃபெல். எங்கோ கிடக்கும் மொழி, நம்மைப் போலவே வினையைப் பிரித்து வைத்திருக்கிறது பார்! இந்த ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டு. பிள்ளை பிடித்துக்கொள்வாள்.

அப்புறம், வீட்டில் பார்க்கிறதை வைத்தே தினம் நாலு வாக்கியம் எழுதச் சொல். எனக்கு அனுப்பி வை, திருத்தித் தருகிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் காரைக்குடி நண்பன்