நாகப்பட்டினத்தைச் சுற்றிக் காட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பேத்தியுடன் உங்கள் வேனில் நாகூர் தர்கா, நீலாயதாட்சி அம்மன் கோயில், வேளாங்கண்ணி மூன்றையும் பார்த்து வந்தேன். உங்கள் வழிகாட்டி எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார், அதற்கு நன்றி. திரும்பும்போது பேத்தி, சோழர் காலத்தில் இந்த ஊரில் இருந்த பௌத்த மடத்தைப் பற்றி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "சூடாமணி விகாரம் எந்த இடத்தில் இருந்தது?"

"அது இடிந்துபோய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது பாப்பா. பார்க்க ஒன்றுமில்லை."

அந்தக் கேள்விக்காகவே வந்தவள் அவள். நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கித் தலைப்பு மட்டும் எழுதி வைத்திருந்தாள். வீடு வந்து சேரும்வரை அந்தப் பக்கத்தை மடியில் விரித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறந்தது முதல் இந்த ஊரில் இருக்கிறேன். எனக்கும் இடத்தைக் கைகாட்டிச் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

ஐயா, விகாரம் தானாக இடியவில்லை. கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்த பௌத்த மடம் அது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசனே தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமண மடங்களுக்கு விடும் மானியமாக, கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகள் டச்சுக்காரர் கைக்குப் போய், இன்று 'லெய்டன் செப்பேடுகள்' என்று நெதர்லாந்திலுள்ள அந்நிய ஊரின் பெயரால் வழங்குகின்றன. அந்த விகாரத்தின் எச்சம் என்று பலர் கருதும், கப்பல்களுக்குக் கரையடையாளமாக நின்ற செங்கல் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. ஆங்கில அதிகாரி வால்டர் எலியட் 1846-இல் அதை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். இங்கே கல்லூரி நடத்திய சேசு சபைப் பாதிரிமார் கேட்க, ஆங்கில அரசு அனுமதி கொடுக்க, 1867-இல் அதை இடித்தார்கள். பதினாறே ஆண்டில், 1883-இல், அந்தக் கல்லூரியும் திருச்சிக்குப் போய்விட்டது! கோபுரம் போனது போனதுதான்.

பார்க்க ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது? 1856-இல் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரிய இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் புத்தர் படிமங்கள் கிடைத்தன. அன்று முதல் இந்த மண்ணிலிருந்து எடுத்தவை சுமார் 350. அவற்றில் பலவற்றைப் பார்க்க நாகப்பட்டினத்துப் பிள்ளை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ரயிலேற வேண்டும். இன்னும் சில கடல் கடந்து போய்விட்டன. நம் ஊர்களில் எது அழிந்தாலும் இதே கதைதான். இடித்தவர்கள் ஒருமுறைதான் இடித்தார்கள். "ஒன்றுமில்லை" என்று சொல்லிச் சொல்லி நாம் தினமும் இடித்துக்கொண்டிருக்கிறோம்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். நான் கேட்பது ஒரே ஒரு நிறுத்தம். கோபுரம் நின்ற பகுதியில் வேனைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். யார் எழுப்பினார்கள், யார் ஊர் கொடுத்தார்கள், யார் இடித்தார்கள் என்ற மூன்றையும் வழிகாட்டி சொல்லட்டும். வெறும் தரையாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தத் தரையைக் காட்டுங்கள்.

பேத்தி அடுத்த பள்ளி விடுமுறைக்கு மறுபடியும் வருகிறாள். அதற்குள் அந்த ஒரு நிறுத்தத்தைச் சேர்த்துவிட்டதாகத் தகவல் கொடுத்தால், இரண்டு டிக்கெட்டுக்கு இப்போதே பணம் கட்டிவிடுகிறேன். அவள் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
நாகப்பட்டினத்துக்காரன் ஒருவன்