ரூ.200 டெபாசிட்டிலிருந்து ரூ.25,000 டெபாசிட் வரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம் ‘வார்டு உறுப்பினர் முதல் டெல்லி வரை’ என்ற பாணியில் வேட்பாளர் அறிமுகங்கள் நாளிதழ்களில் வருகின்றன. குளம் தூர்வாரினார், ரத்த தான முகாம் நடத்தினார், கட்சி வாய்ப்புக் கொடுத்தது, வென்றார் என்று கதை முடிந்துவிடும். இடையில் உள்ள படிகள் அச்சேறுவதில்லை. ஊருக்கு உழைத்த பலர் சறுக்குவது அந்தப் படிகளில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு டெபாசிட் ரூ.200, செலவு உச்சவரம்பு ரூ.9,000. ஊராட்சித் தலைவருக்கு ரூ.600, ரூ.34,000. ஒன்றியக் கவுன்சிலருக்கு அதே ரூ.600, ஆனால் வரம்பு ரூ.85,000. மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு ரூ.1,000, ரூ.1,70,000. மக்களவைக்கு வந்தால் டெபாசிட் ரூ.25,000, தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் செலவு வரம்பு ரூ.95 லட்சம். (பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு எல்லா நிலையிலும் டெபாசிட் பாதி.) கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் இடையே செலவு வரம்பு மட்டும் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிகிறது. சில நூறு வாக்காளர்களை வீட்டுப் பெயர் சொல்லி அழைத்தவர், ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் பரந்து கிடக்கும் சுமார் பதினைந்து லட்சம் வாக்காளர்களிடம் போக வேண்டும்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னம் கிடையாது. வார்டு உறுப்பினரும் தலைவரும் சுயேச்சைச் சின்னத்தில்தான் நிற்கிறார்கள். ஒன்றியக் கவுன்சிலர் பதவியிலிருந்துதான் கட்சிச் சின்னம் வருகிறது. ஊராட்சித் தலைவராக எவ்வளவு நல்ல பெயர் எடுத்தாலும் அது கட்சியின் கணக்கில் ஏறாது. நேராக எம்.எல்.ஏ., எம்.பி. பதவிக்கு விருப்ப மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்து ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இந்த நடுப்படியைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தவர்கள். நேர்காணலில் தொகுதியின் சாதிக் கணக்கும் கையிருப்பும் பேசப்படும் அளவுக்கு ஊராட்சியின் தீர்மானப் புத்தகம் பேசப்படுவதில்லை என்பது ஊரறிந்த ரகசியம். மாவட்டச் செயலாளருக்கு ஒன்றியத்தில் கட்சி வாக்கை உயர்த்திக் காட்டியவரைத்தான் தெரியும்.

நடுப்படிக்கு உதாரணம் வேண்டுமானால் கரூர் எம்.பி. ஜோதிமணியைச் சொல்லலாம். ஒன்றியக் கவுன்சிலராகத் தொடங்கியவர். 2011-இல் அரவக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் தோல்வி, 2014-இல் கரூர் மக்களவைத் தொகுதியில் தோல்வி. 2019-இல் அதே கரூரில் வெற்றி, 2024-இல் மீண்டும். குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 1997-இல் ஒடிசாவின் ராய்ரங்பூர் பேரூராட்சிக் கவுன்சிலர். 2000, 2004 தேர்தல்களில் எம்.எல்.ஏ.; 2015-இல் ஜார்க்கண்ட் ஆளுநர்; 2022-இல் குடியரசுத் தலைவர். பழைய தலைமுறையில் ராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானவர். காமராஜர் 1941-இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, விடுதலையானதும் அந்தப் பதவியை விட்டு விலகினார். இவர்கள் யாரும் சமூக சேவையிலிருந்து ஒரே தாவலில் மேலே போகவில்லை. கட்சி அமைப்பு, தோல்வி, காத்திருப்பு எல்லாம் நடுவில் இருந்தன.

சேவை வீண் என்று சொல்லவில்லை. கீழ்மட்டப் பதவி கற்றுத்தரும் ஒன்றை வேறெங்கும் கற்க முடியாது: எந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, யார் கையெழுத்தில் வெளியே போகிறது என்பது. வார்டு உறுப்பினருக்குக் காசோலை அதிகாரம் இல்லை. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும். உறுப்பினரின் ஆயுதம் மன்றக் கூட்டத் தீர்மானம் மட்டுமே. கிராம சபைக்கும் கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைந்தால் அங்கே போட்ட தீர்மானத்தைத் தணிக்கையில் கேள்வி கேட்பார்கள். மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் 15-ஆவது நிதிக்குழு மானியத்திலும், 2021-26 காலத்துக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று கட்டிப்போட்ட பணம். மீதி 40 சதவீதம்தான் உள்ளூர்த் தேவைக்கு. கட்டிப்போட்ட பணத்தில் சாலை கேட்டுத் திரும்பி வந்த கோப்பை ஒருமுறை பார்த்தவர், நாடாளுமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதத்தில் வேறு மாதிரி பேசுவார்.

அடுத்து வேட்புமனு. பதவி ஆசைக்குப் பஞ்சமில்லாத நாட்டில் படிவத்தைப் படிக்க ஆளில்லை. சட்டப்படி அறிவிக்கை வெளியான ஏழாம் நாள் மனுவுக்குக் கடைசி நாள், மறுநாள் பரிசீலனை, அதிலிருந்து இரண்டாம் நாள் திரும்பப் பெறக் கடைசி. 2024-இல் தமிழ்நாட்டில் மார்ச் 20 முதல் 27 வரை மனு வாங்கினார்கள். நடுவில் நான்காம் சனியும் ஞாயிறும் விடுமுறை. ஆக ஆறே நாள், அதுவும் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை.

மனு கொடுப்பது படிவம் 2-ஏ. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்கும், பதிவு மட்டும் பெற்ற சிறு கட்சிக்கும் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே மக்களவைத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். சமூக சேவகர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. பக்கத்து ஊர் நண்பர் கையெழுத்திடுவார்; அந்த ஊர் அடுத்த மக்களவைத் தொகுதியில் இருக்கும். வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பழைய பட்டியலிலிருந்து எழுதப்பட்டிருக்கும். எழுத்துப் பிழை போன்ற சிறு குறைகளுக்காக மனுவைத் தள்ளக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் பத்தில் ஒருவர் தொகுதிக்கு வெளியே இருந்தால் அது சிறு குறை ஆகாது. ஒருவர் நான்கு மனு வரை கொடுக்கலாம். வேறு வேறு பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி இரண்டு மூன்று செட் கொடுப்பவர்தான் விவரமானவர். வேறு தொகுதியில் வாக்குரிமை உள்ள வேட்பாளர், அந்த வாக்காளர் பட்டியலின் சான்றளித்த நகலைப் பரிசீலனைக்குள் கொடுத்துவிட வேண்டும்.

டெபாசிட்டைக் காசோலையாகவோ வங்கி வரைவோலையாகவோ வாங்க மாட்டார்கள். தேர்தல் அதிகாரியிடம் ரொக்கம், அல்லது ரிசர்வ் வங்கியில் அல்லது கருவூலத்தில் கட்டிய ரசீது. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பும்; 11 லட்சம் செல்லத்தக்க வாக்கு என்றால் 1,83,334 வாக்கு. ஒரு ஒன்றியம் முழுவதும் ஒரு ஓட்டு விடாமல் போட்டாலும் பலருக்கு இந்த எண் எட்டாது.

படிவம் 26 பிரமாணப் பத்திரம்தான் பெரிய பொறி. வேட்பாளர், வாழ்க்கைத்துணை, சார்ந்திருப்போர் ஆகியோரின் பான் எண், கடைசி ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், அசையும் அசையாச் சொத்து, கடன், நிலுவையில் உள்ள வழக்கு, அரசுக் குடியிருப்பில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், குடிநீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்று என எல்லாம் அதில் வரும். தெரியாத கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்று எழுத வேண்டும். காலி இடங்களை நிரப்பச் சொல்லியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. ஊர்ப் போராட்டங்களில் நின்றவர்களுக்கு இங்கே தனிச் சிக்கல்: சாலை மறியலுக்குப் போட்ட வழக்கை ‘அதெல்லாம் ஒரு வழக்கா’ என்று விட்டுவிடுவார்கள். அது எந்த நீதிமன்றத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்று முன்கூட்டியே தேடி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். குற்ற வழக்கு இருந்தால் நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். அந்தச் செலவும் வேட்பாளர் தலையில்.

மனு கொடுத்த பிறகு, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியை எடுக்க மறப்பவர்களும் உண்டு. மனு தாக்கலுக்குப் பின், பரிசீலனை நாளுக்கு முன் அதை எடுத்தாக வேண்டும். கட்சி வேட்பாளர் என்றால், ‘இவர்தான் எங்கள் வேட்பாளர்’ என்று கட்சி தரும் ஏ, பி படிவங்கள் கடைசி நாள் 3 மணிக்குள் மை கையெழுத்துடன் அசலாக வந்து சேர வேண்டும்; நகல் செல்லாது. அரசு ஊழியராக இருந்தவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தால் மட்டும் போதாது, பரிசீலனை நாளன்று அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

செலவுக்கணக்குப் பகுதி சுருக்கமானது, ஆனால் பின்விளைவு நீளமானது. மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்பே தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. ஒரே நபருக்கோ நிறுவனத்துக்கோ தேர்தல் காலம் முழுவதும் ரொக்கமாக ரூ.10,000-க்கு மேல் கொடுக்கக்கூடாது. செலவுப் பதிவேட்டைப் பிரசார காலத்தில் மூன்று முறை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். தகுந்த காரணமின்றித் தவறினால் மூன்றாண்டு தகுதிநீக்கம். சேவை செய்து பெயரெடுத்தவர், ஒரு தாளைக் கொடுக்காததால் அடுத்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாமல் கலங்கும்படி ஆகிவிடலாம்.

சரி, வென்றாகிவிட்டது. வார்டு உறுப்பினர் மனநிலையிலேயே எம்.பி. நடந்துகொள்வதுதான் அடுத்த தவறு. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ரூ.5 கோடி. அதில் எம்.பி. பரிந்துரைக்க மட்டுமே முடியும். அனுமதிப்பது மாவட்ட நிர்வாகம். குறைந்தது 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் பரிந்துரைக்க வேண்டும். வழிபாட்டுத் தலங்களுக்குச் செலவிட முடியாது. பலர் இதை உயர்கோபுர விளக்காகவும் பயணியர் நிழற்குடையாகவும் கரைத்துவிடுகிறார்கள். விளக்குக்கு மாதாமாதம் மின்கட்டணம் கட்டுவது கிராம ஊராட்சி. ஊராட்சியில் இருந்து வந்த எம்.பி.க்காவது இது தெரிந்திருக்க வேண்டாமா?

எம்.பி.யின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மத்திய அரசுத் திட்டங்களை மாவட்ட அளவில் ஆராயும் ‘திஷா’ குழுவுக்கு அவர்தான் தலைவர். ஒன்றியப் பொறியாளர் முதல் ஆட்சியர் வரை அங்கே பதில் சொல்ல வேண்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் தரும் 20 நட்சத்திரக் கேள்விகளும், எழுத்தில் பதில் வரும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன; குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ரயில்வே மேம்பாலம் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு ‘நிலம் கையகப்படுத்தித் தருவது மாநில அரசின் பொறுப்பு’ என்ற ஒற்றை வரிப் பதில் வருவது வழக்கம். கிராம நிர்வாக அலுவலகத்தில் பட்டா மாறுதலுக்கு அலைந்து பழகியவர் மட்டும், எந்தச் சர்வே எண்ணில் முட்டுக்கட்டை என்று அடுத்த கேள்வியில் கேட்பார். வார்டு அனுபவம் டெல்லியில் பயன்படுவது இப்படித்தான்.

ஏணியின் அடிப்படியே அவ்வப்போது காணாமல் போவதையும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. 27 மாவட்ட ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் தேர்தல். நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரி. அந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்ததும், மன்றத்தின் இடத்தில் நிர்வாகம் செய்யும் அரசு அதிகாரிகளான தனி அலுவலர்கள் மறுபடி வந்தார்கள். தனி அலுவலர் காலத்தில் கோப்பு நகரலாம், அடுத்த தலைமுறை அரசியல்வாதி பழகுவதற்கு மன்றம் இல்லை. பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 சதவீத இடம் கொடுத்த மாநிலத்தில், 2024-இல் மக்களவைக்குப் போன 39 பேரில் பெண்கள் ஐவர்தான் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வேட்பாளர் அறிமுகம் எழுதும்போது அவர் முன்பு உள்ளாட்சிப் பதவியில் இருந்தவர் என்றால் மூன்று தாள்களைத் தேடுங்கள்: அவர் காலத்து ஊராட்சித் தீர்மானப் பதிவேடு, தணிக்கை அறிக்கையில் தீராமல் நிலுவையில் உள்ள ஆட்சேபங்கள், முந்தைய தேர்தலின் பிரமாணப் பத்திரம். கடைசியாகச் சொன்னதை, அது சட்டமன்ற அல்லது மக்களவைத் தேர்தலாக இருந்தால், தேர்தல் ஆணைய இணையதளத்தில் தேடலாம். முதல் இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் ரூ.10, நகல் பக்கத்துக்கு ரூ.2. பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. தேர்தல் அறிவிக்கை வந்த பிறகு விண்ணப்பித்தால் பெரும்பாலும் வாக்குப்பதிவு முடிந்தபிறகுதான் தாள் கைக்கு வரும். ஆகவே பெயர்கள் அடிபடத் தொடங்கும்போதே நிருபர்கள் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
உள்ளாட்சி நடைமுறை அறிந்த வாசகர்