விரலை எடுத்தால் நிற்கிற வண்டி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. வேலை அதிகம் என்று சாக்குச் சொல்ல மாட்டேன். நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் எழுத மனசு வரவில்லை. முழுசாக எழுத உட்கார்ந்தால், போன வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று குறுக்கே வந்து நின்றது. அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு உட்கார்ந்தேன். தாமதத்துக்கு மன்னித்துவிடு.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்தது. சின்னவன் கண்ணாடி போட்டுவிட்டான், உன்னுடையது மாதிரியே அதுவும் மூக்கு நுனியில்தான் நிற்கிறது. நெட்டையன் போன மாதம் பேசினான். சின்ன வயசில் நாம் ஓட்டிய அந்த வயர் கார் இன்னும் பரணில் இருக்கிறதாம், யாருக்கும் தரமாட்டானாம்.

இனி உன் விஷயம். உங்கள் நிகழ்ச்சிக்கு வருகிற ஜனங்கள் எல்லோரும் ஓட்டிப் பார்க்க ஆறு ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓடுகிற கார், வாங்கப் போவதாகவும், மணிக்கு 60 கிலோமீட்டர் போகிற மாடலைப் பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். "வேகம் இல்லேன்னா பொடிசுங்க திரும்பிக்கூடப் பார்க்காது" என்று வேறு. மாப்ளே, அதை வாங்காதே. பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேள்.

போன வருஷம் எங்கள் நிகழ்ச்சியில் நாங்களும் அதே நினைப்பில்தான் இருந்தோம். நண்பர்கள் கொடுத்தது, பழசு, புதுசாக வாங்கிய இரண்டு என்று ஆறு வண்டியும் ஆறு ரகம். அதில் ஒன்று பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, ஒன்றரைக் கிலோ எடை, 30 கிலோமீட்டர் வேகம் போகும். சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே ஜனங்களை நிறுத்தியிருந்தோம். மத்தியானம் ரிமோட்டில் பேட்டரி இறங்கிவிட்டதென்று, உதவிக்கு வந்திருந்த பையன் ரிமோட்டை அணைத்துவிட்டு பேட்டரி மாற்றினான். வண்டி ஆனில் இருந்தது. முதலில் வண்டியைத்தான் அணைக்க வேண்டும் என்று அவனுக்கு நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை. சிக்னல் அறுந்ததும் வண்டி ஒரு துடி துடித்தது. அப்புறம் நேராகக் கிளம்பிவிட்டது. கயிற்றுக்கு அடியில் புகுந்து, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த நாலு வயதுக் குழந்தையின் கணுக்காலில் மோதிக் கவிழ்ந்தது. கவிழ்ந்த பிறகும் நாலு சக்கரமும் கிர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தன. குழந்தை முதலில் அழக்கூட இல்லை, அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, வீக்கம் நாலு நாளில் வற்றிவிட்டது. அந்த அம்மா எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் கணக்கு வாத்தியார் இருந்தால் இதற்காவது தலையில் குட்டாமல் விட்டிருப்பார். மோதுகிற சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதையே உன்னுடைய மாடலுக்குப் போட்டுப் பார்: நடை வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், உன் வண்டி 60. வேகம் 12 மடங்கு, அதே எடைக்கு அடி 144 மடங்கு. வேகம் கொடுக்கிற த்ராட்டிலைக் குறைத்து வைத்துக்கொள்ளலாமே என்று நீ கேட்பாய். நல்ல ரிமோட்டில் அதற்கு வசதி உண்டு, சில வண்டிகளில் பாதி சக்திக்குமேல் போகவிடாத பயிற்சி முறையும் உண்டு. ஆனால் கூட்டத்தில் யாராவது ஒரு திருகைத் திருப்பினால் போதும், பழைய வேகம் வந்துவிடும். அடி பலமாக விழாத வண்டியையே வாங்குவதுதான் நிம்மதி.

அப்படி ஒரு ஜாதி இருக்கிறது, கிராலர் என்பார்கள். ஜீப் மாதிரி உடம்பு, மெத்தென்ற பெரிய டயர், நாலு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி இழுவை. கல்லிலும் கட்டையிலும் ஊர்ந்து ஏறுவதற்கென்றே செய்தது. மோட்டாரில் கம்பிச் சுற்று அதிகம், கியர் இறக்கமும் அதிகம், அதனால் வேகம் நடை வேகத்தை ஒட்டியே இருக்கும், இழுவை மட்டும் அபாரம். இந்த வருஷம் நாங்கள் ஓட்டியது முழுக்க கிராலர்தான். பந்தயத்தடம் போடவில்லை. கருங்கல், மரக்கட்டை, மணல் மூட்டை, ஒரு பாலம், ஒரு சீசா பலகை, அவ்வளவுதான். ஒரு பொடிசுகூட வேகம் போதவில்லை என்று சொல்லவில்லை. கல் இடுக்கில் முன்சக்கரம் மாட்டி, பின்னால் எடுத்து, கொஞ்சம் வளைத்து மறுபடி ஏறும்போது சுற்றி நின்ற பெரியவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்றைச் சொல்கிறேன். சாதாரண ஆர்சி காரில் ரிமோட்டில் வேகம் கொடுக்கிற ட்ரிகரை விட்டால் வண்டி உருண்டுகொண்டே போகும். கிராலரில் விரலை எடுத்த இடத்தில் நின்றுவிடும், சரிவில்கூட அப்படியே பிடித்துக்கொள்ளும். இஎஸ்சி என்கிற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மோட்டாரையே பிரேக்காக வைத்திருக்கிறார்கள். ரிவர்ஸும் அப்படித்தான். மற்ற வண்டிகளில் பெரும்பாலும் ட்ரிகரை ஒரு தடவை தள்ளினால் பிரேக், விட்டு மறுபடி தள்ளினால்தான் ரிவர்ஸ். முதல் தடவை ரிமோட்டைப் பிடிக்கிறவனுக்கு அது எங்கே புரியும்? சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். கிராலரில் தள்ளினதும் பின்னால் வரும். பயந்துபோன குழந்தை முதலில் செய்கிற காரியம் கையை எடுப்பதுதான். கையை எடுத்தால் நிற்கிற வண்டிதான் பொது நிகழ்ச்சிக்கு ஏற்ற வண்டி.

இன்னொரு லாபமும் இருக்கிறது, வாங்கும்போது நான் இதை யோசிக்கவே இல்லை. "வலதுன்னா உன் வலதா, வண்டியோட வலதா?" ஞாபகம் இருக்கிறதா? அதைச் சொல்லிச் சொல்லியே நெட்டையனை அழவைத்தோம். இன்றைக்கும் புதிதாக ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் தடுமாறுவது அங்கேதான். வண்டி நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது இடம் வலம் மாறிவிடுகிறது. பந்தயத்தடத்தில் ஒரே இடத்தில் நின்று ஓட்டுவதால் அதைத் தவிர்க்க வழியில்லை. கிராலர் பின்னாலேயே நடந்து போகலாமே! வண்டி திரும்பினால் நாமும் திரும்புகிறோம், அதன் வலது எப்போதும் நம் வலதுதான். ஆறு வயதுப் பெண் ஒருத்தி ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள்.

இப்போது வேறொரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு எழுத உட்கார்ந்ததே பாதி அவளுக்காகத்தான்.

பன்னிரண்டு வயது இருக்கும். தம்பியைக் கூட்டிக்கொண்டு இருபது நிமிஷம் வரிசையில் நின்று வந்தாள். வலது கை மடங்கியபடியே இருந்தது, அசைக்க முடியாது. எங்கள் ரிமோட்டெல்லாம் துப்பாக்கி மாதிரி பிடிக்கிற ரகம். இடது கையால் பிடித்து ட்ரிகரை இழுக்க வேண்டும், வலது கையால் பக்கவாட்டுச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு கை இல்லாமல் முடியாது. எங்களில் ஒருவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், "தம்பி ஓட்டட்டும்மா, நீ பக்கத்துல நின்னு பாரு" என்று. அவள் கோபப்படவில்லை. "நான் பார்க்க வரலை" என்றாள்.

மாடல் விமானம் விடுகிற பெரியவர் ஒருவர் எங்களோடு இருந்தார். பேசாமல் போய்த் தன் பெட்டியிலிருந்து விமான ரிமோட்டையும், அதன் சிக்னலை வண்டிக்குள் வாங்குகிற ரிசீவரையும் எடுத்து வந்தார். அதில் இரண்டு குச்சி இருக்கும். வலது குச்சி மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசையும், விட்டால் தானாக நடுவுக்கு வந்துவிடும். பக்கவாட்டு அசைவு வருகிற சேனலில், முன்சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டாரான ஸ்டியரிங் சர்வோவையும், மேல்கீழ் அசைவு வருகிற சேனலில் இஎஸ்சியையும் செருகினார். ரிமோட்டோடு ரிசீவரைக் கோத்து, சிக்னல் போனால் வண்டி நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்து, சக்கரம் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துச் சோதித்தார். கால் மணி நேரம் ஆனது. வரிசையில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ரிமோட்டை மேஜைமேல் வைத்தோம். இடது கைக் கட்டைவிரல் ஒன்று, அதுதான் அவளுடைய ஸ்டியரிங், பிரேக், ரிவர்ஸ் எல்லாம். சீசா பலகையின் நடுவுக்கு வந்ததும் விரலை எடுத்தாள். பலகை மெதுவாக மறுபக்கம் சாய்ந்து தரையைத் தொடும் வரைக்கும், நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு இறக்கினாள். காலையிலிருந்து அந்தப் பலகையை வண்டி குதிக்காமல் கடந்தது அவள் ஒருத்திதான்.

அதனால் நீ ஆறு வண்டி வாங்குகிறபோது, விமான ரகக் குச்சி ரிமோட் ஒன்றும் அதற்குப் பொருந்துகிற ரிசீவரும் சேர்த்தே வாங்கு. ஒரு வண்டியை அன்றைக்கு முழுக்க அதற்கென்றே வைத்துவிடு. யாரும் கேட்டுக்கொண்டு நிற்கிற நிலை வரக்கூடாது. இதைச் செலவுப் பட்டியலின் கடைசியில் எழுதாதே மாப்ளே, முதல் வரியில் எழுது.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆறும் ஒரே மாடலாக இருக்கட்டும். நாலு ஓடும், ஒன்று குச்சி ரிமோட்டுக்கு, ஒன்று மேஜையடியில் காத்திருக்கும். ஒன்று படுத்தால் அதன் பாகத்தைக் கழற்றி மற்றதற்குப் போடலாம். எங்கள் ஆறு ரக வண்டிக்கு ஆறு ரகத் திருகு, ஆறு ரகச் சார்ஜர், அன்றைக்குப் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் தலை வலிக்கிறது. பொம்மைக் கடை ரகம் வேண்டாம். அதில் பலதுக்கு ஸ்டியரிங் முழு இடது, முழு வலது என்று இரண்டே நிலைதான், நடுவில் ஒன்றும் கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டாகப் பார்த்து வாங்கு, ஒவ்வொரு ரிமோட்டும் தன் ரிசீவரோடு மட்டும் பேசும். பழைய 27இல் ஒரே அலைவரிசை இரண்டு வண்டிக்கு அமைந்தால் ஒன்றை ஓட்டும்போது மற்றதும் ஆடும். ரிமோட்டிலும் வண்டியிலும் ஒரே நிற டேப் ஒட்டிவிடு, மாற்றி எடுத்துப் போய்விடுவார்கள்.

அதிகம் உடைவது ஸ்டியரிங் சர்வோதான். கல்லில் முட்டி நிற்கிற சக்கரத்தைப் பிள்ளைகள் விடாமல் திருப்புவார்கள். போன தடவை ஒன்றைப் பிரித்தேன். நகக்கண் அளவு வெள்ளை நைலான் கியர், மூன்று பல் மழித்துவிட்டது மாதிரி வழவழவென்று இருந்தது. உலோகக் கியர் சர்வோ போட்டுக்கொள், மாற்றுக்கு இரண்டு வைத்துக்கொள். மோட்டாரை அவ்வப்போது தொட்டுப் பார். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த வண்டிக்கு ஓய்வு கொடு.

பேட்டரியில் உன் ஆசை லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர், என்று தெரியும். எடை குறைவு, தெம்பு அதிகம், எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு செல்லும் சார்ஜில் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, ஓட்டத்தில் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. அடிபட்டாலும் உப்பினாலும் தீப்பிடிக்கலாம். சார்ஜ் மேஜையை விட்டு நகராத ஒரு ஆள் உன்னிடம் உண்டா? இல்லையென்றால் ஆறு செல் 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியே போதும். 3000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை 3 ஆம்பியரில் ஏற்ற ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். வண்டிக்கு மூன்று வைத்துக்கொள்: ஒன்று ஓட, ஒன்று ஏற, ஒன்று ஆற. சூடாக இருக்கிற பேட்டரியை எடுத்துப் போடாதே.

ஆளுக்கு மூன்று நிமிஷம் ஓட்டம், மாற்றிவிட இரண்டு நிமிஷம். நாலு வண்டிக்கு மணிக்கு 48 பேர், ஆறு மணி நேரத்தில் 288 பேர். அதற்குமேல் வரிசையில் நிற்க விடாதே, நின்று ஏமாந்து போகிற குழந்தையைச் சமாதானப்படுத்த யாராலும் முடியாது. கயிறு மட்டும் கட்டாதே. தரையோடு பலகையோ தடித்த குழாயோ போட்டு, அதற்கு ஒரு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டு. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்கு 24இல் ஒரு பங்கு அளவிலான குட்டிக் கிராலர் இரண்டு வாங்கி, விளிம்பு உயர்த்திய மேஜையில் விடலாம். தலைமுடியும் நூலும் அதன் அச்சில் சுற்றிக்கொள்ளும், ஒரு ட்வீசர் வைத்துக்கொள்.

உதவிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முந்தின நாளே ஒன்றைச் சொல்லிக் கொடு. போடும்போது ரிமோட் முதலில், வண்டி கடைசியில். அணைக்கும்போது வண்டி முதலில், ரிமோட் கடைசியில். அதை ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொல்லி நீ பக்கத்தில் நின்று பார்.

வண்டிகள் வந்து சேர்ந்ததும் சோதித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுகிறேன், சீசா பலகையை நான் அடித்துத் தருகிறேன். நெட்டையனையும் கூப்பிடு, வயர் காரோடு.

அன்புடன்,
உன் மாப்ளே