மார்ஷலைப் பற்றி

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. பாப்பா பரங்கிமலை ராணுவ அதிகாரிப் பயிற்சி அகாதெமிக்குத் தேர்வானதில் அளவில்லாத சந்தோஷம். அவளுக்கு யாரைப் படிக்கக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். ரொம்மல், பாட்டன் போன்ற போர்க்களத் தளபதிகள் தாமாகவே அவள் கைக்கு வந்துவிடுவார்கள். நீ அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் மார்ஷலைக் கொடு. போர்க்களத்தில் ஒரு டிவிஷனை, அதாவது பல ஆயிரம் வீரர் கொண்ட ஒரு படைப்பிரிவைக்கூட, நடத்தாதவர். ஆனாலும் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையைக் கட்டியெழுப்பியவர் அவர்தான்.

முதலில் 1918 செப்டம்பரை, முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தைப் படிக்கச் சொல். பிரான்ஸில் ஜெர்மானியர் மீது அமெரிக்கர் நடத்திய செயின்ட் மியேல் தாக்குதல் 12ஆம் தேதி. மியூஸ்–ஆர்கோன் தாக்குதல் 26ஆம் தேதி. இடைப்பட்ட இரண்டே வாரத்தில் சுமார் 2,20,000 பிரெஞ்சு, இத்தாலிய வீரர்களை மியூஸ்–ஆர்கோன் பகுதியிலிருந்து வெளியேற்றி, சுமார் 6,00,000 அமெரிக்கர்களை உள்ளே கொண்டுவர வேண்டும். இருந்தவை மூன்று சாலைகள். எதிரி கண்ணில் படாமல் இரவில்தான் நகரவேண்டும். நடந்து வரும் காலாட்படை, குதிரை இழுக்கும் பீரங்கி, வியட்நாமியர் ஓட்டிய பிரெஞ்சு லாரிகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். எல்லாம் ஒரே சாலையில் கலந்தால் மெதுவாகப் போவதுதான் எல்லோருக்கும் வேகம். ஒரு குதிரை விழுந்தால் பின்னால் வருபவை அத்தனையும் நிற்கும். அந்த நகர்வுத் திட்டம் மார்ஷலுடையது. நெரிசல் ஏற்படாமல் இல்லை, ஆனால் தாக்குதல் குறித்த நாளில் தொடங்கியது.

1939 செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அன்றே, அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அப்போது நிரந்தரப் படையில் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. 1945இல் விமானப் பிரிவையும் சேர்த்து எண்பது லட்சத்துக்கு மேல். வயதான அதிகாரிகளை ஓய்வில் அனுப்பினார். அறுபது பேர்வரை நேரடியாக அவரைப் பார்க்க உரிமை பெற்றிருந்த நிர்வாகத்தை, 1942 மார்ச்சில் தரைப்படை, விமானப்படை, வழங்கல் என்று மூன்றாகச் சுருக்கினார்.

குறையும் உண்டு. தொழிற்சாலைகளுக்கும் ஆள் வேண்டும் என்பதால் டிவிஷன்களைத் தொண்ணூறோடு நிறுத்தினார்கள். அதனால் ஒரு டிவிஷனை முழுதாகப் பின்னுக்கு இழுத்து ஓய்வு கொடுக்க வழியில்லை. விழுந்தவர் இடத்துக்குத் தனித்தனியாக ஆள் அனுப்பினார்கள். பக்கத்தில் நிற்பவன் பெயர்கூடத் தெரியாமல் முன்வரிசைக்குப் போன பையன்கள் ஏராளமாக மடிந்தார்கள். இதை அவள் மறக்காமல் படிக்கவேண்டும்.

ஆளைப் பார்த்துப் பொறுக்குவது, பொறுக்கியபின் கையைப் பிடித்து இழுக்காமல் விடுவது: மார்ஷலின் முறை இதுதான். ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளை நடத்திய ஐசன்ஹோவர் விஷயத்தில் அது பலித்தது. கொரியாவில் காலை வாரியது.

அமெரிக்காவின் 1947 சட்டப்படி, ராணுவப் பணியை விட்டுப் பத்தாண்டு ஆகாதவர் பாதுகாப்பு அமைச்சராக முடியாது என்றிருந்தது. ஐந்து நட்சத்திரத் தளபதியோ ஆயுள் முழுக்கப் பணியில் இருப்பவராகவே கணக்கு. 1950 செப்டம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் மார்ஷலை அந்தப் பதவிக்கு அழைத்தபோது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச்சட்டம் போட்டது. இதை வழக்கமாக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியும் வைத்தது. பிறகு பாதுகாப்பு அமைச்சராக வந்த முன்னாள் தளபதிகள் இருவருக்கு, 2017இல் மேட்டிஸுக்கும் 2021இல் ஆஸ்டினுக்கும், இதுபோன்ற விலக்கு தேவைப்பட்டது.

செப்டம்பர் 21இல் பதவியேற்றார். கொரியப் போரில் இஞ்சோன் தரையிறக்கம் நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. 29ஆம் தேதி, கொரியாவில் படைகளை நடத்திய மெக்ஆர்தருக்கு மார்ஷல் அனுப்பிய செய்தி: இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆம் இணைகோட்டுக்கு வடக்கே போவதில் உங்களுக்குத் தந்திர ரீதியாகவும் வியூக ரீதியாகவும் தடை இருப்பதாக நினைக்கவேண்டாம். இரண்டு நாள் முன்புதான், சீனாவின் மஞ்சூரிய எல்லையோரம் கொரியர் அல்லாத படை போகக்கூடாது என்று அமெரிக்க முப்படைகளின் கூட்டுத் தளபதிகள் கட்டளையிட்டிருந்தார்கள். அக்டோபர் 24இல் மெக்ஆர்தர் எல்லாப் படைகளையும் சீன எல்லையான யாலு நதிவரை ஏவினார். ஏன் என்று கேட்டதற்கு மார்ஷலின் அந்தச் செய்தியையே காட்டினார். நவம்பர் இறுதியில் சீனப் படை பெருந்தாக்குதலில் இறங்கியது. வரம்பைத் தெளிவாக எழுதாத உத்தரவை, கிடைத்தவர் தன் விருப்பத்துக்கு நீட்டிக்கொண்டார். என் பார்வையில் மார்ஷலின் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய தவறு அந்த ஒரு வாக்கியம்.

ஆனால் ஆள் சேர்ப்பில் அவருடைய பழைய கை இங்கேயும் பேசியது. அன்னா ரோசன்பர்க்கை மனிதவளப் பொறுப்புக்குக் கொண்டுவந்தார். பதினைந்து லட்சத்துக்கும் குறைவாக இருந்த முப்படை ஒரே ஆண்டில் முப்பது லட்சத்தைத் தாண்டியது. மெக்ஆர்தரை நீக்குவதில் முதலில் தயங்கியவர், கோப்புகளை வாங்கிப் படித்துவிட்டு, இரண்டு வருஷம் முன்பே செய்திருக்கவேண்டும் என்றாராம், ட்ரூமன் எழுதியிருக்கிறார். 1951 ஏப்ரல் 11இல் நீக்கம். அதே ஆண்டு செப்டம்பரில், தன் துணை அமைச்சராக இருந்த லவெட்டிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகினார்.

பாப்பா முதலில் 1918 வரைபடத்தோடு உட்காரட்டும். சந்தேகம் வந்தால் எழுதச் சொல்.

அன்புடன்,
வேலாயுதம்