டர்பனிலிருந்து அக்காவுக்கு: ஒரு ஊசி போட்ட கதை

டர்பன்,
19.9.2021

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். அப்புறம் நீ கேட்க நினைத்ததைக் கேட்பதில்லை, நான் சொல்ல நினைத்ததைச் சொல்வதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து மருமகனுக்கு அனுப்புகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படித்துக் காட்டச் சொல்.

அத்தான் அன்றைக்குக் கேட்டாரே, "நாங்கள் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போய் இரண்டு கொரோனா ஊசியும் போட்டாயிற்று, அவ்வளவு பெரிய நாட்டில் இருந்துகொண்டு உனக்கு இன்னும் ஒன்றுதானா?" என்று. கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

இந்தத் தென்னாப்பிரிக்காவுக்கு ஊசி வந்ததே ஒரு தனிக்கதை. பிப்ரவரி 1-ம் தேதி, முதல் தவணையாக 10 லட்சம் டோஸ் ஜோகன்னஸ்பர்க்கில் வந்து இறங்கியது. புனேயில் செய்த கோவிஷீல்ட், நீங்கள் போட்டுக்கொண்ட அதே ஊசி. ஜனாதிபதி ராமபோசாவே விமான நிலையத்துக்குப் போய் நின்றார். டிவியில் அதைப் பார்த்தபோது நம் வீட்டுச் சீர்வரிசை ஊருக்குள் வந்தது போல எங்களுக்கு ஒரே பெருமை. ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. இங்கே அப்போது பரவிக்கொண்டிருந்த உருமாறிய கிருமியிடம் அந்த ஊசி அவ்வளவாக எடுபடவில்லை என்று சுமார் 2,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு சொல்ல, 7-ம் தேதியே நிறுத்திவிட்டார்கள். பிறகு அந்த மருந்தை மற்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கு விற்றுவிட்டார்கள். நீ இதைக் கேட்டுப் பயந்துவிடாதே. லேசான, நடுத்தரமான நோயைத் தடுப்பதில் பலன் குறைவு என்றுதான் அந்த ஆய்வு சொன்னது. இப்போது இங்கேயும் அங்கேயும் சுற்றுவது டெல்டா என்கிற உருமாறிய கிருமி, அது வேறு.

அப்புறம் ஜான்சன் அண்ட் ஜான்சன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஊசி. முதலில் சுகாதார ஊழியர்களுக்கு மட்டும். ஏப்ரலில் ரத்தம் உறைகிறது என்ற பேச்சு கிளம்பி, அதையும் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். ஜூனில், அமெரிக்க ஆலை ஒன்றில் மருந்து கெட்டுப்போன விவகாரத்தால் இந்த நாட்டுக்கென்று வைத்திருந்த 20 லட்சம் டோஸைக் கொட்ட வேண்டியதாயிற்று. ஜான்சன் மருந்தைக் குப்பியில் நிரப்புகிற ஆலை இந்த நாட்டில்தான் இருக்கிறது. எல்லோரும் இன்னும் போர்ட் எலிசபெத் என்றே சொல்கிற ஊரில். அங்கே நிரப்பியதில் ஒரு பகுதி ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது என்று ஆகஸ்டில் செய்தி வந்தபோது இங்கே ஒரே கொதிப்பு. ஆக, இந்த ஊர்க்காரர்களுக்கே ஊசி சுலபமாகக் கிடைக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வெறும் புகார்ப் பெட்டி ஆகிவிடுவேன். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே மே 17-ல்தான் தொடங்கினார்கள்.

இனி, கோயில் கோபுர வேலைக்கு வந்த எங்கள் கதை. அந்த பிப்ரவரி 1-ம் தேதியே ராமபோசா ஒன்று சொன்னார்: குடியுரிமை எதுவானாலும், தங்குகிற அனுமதி எப்படியானாலும், இங்கே வாழ்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் ஊசி உண்டு என்று. கோயில் கமிட்டிக்காரர்கள் அதை எங்களிடம் வந்து சொன்னபோது கூட இருக்கிற பிள்ளைகள் இருவரும் கைதட்டினார்கள். மேலே சொன்னது கீழே வந்து சேர்வதற்குள் என்னவெல்லாம் ஆகிறது என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன்.

இங்கே பிறந்தவர்களுக்கு 13 இலக்கத்தில் ஒரு அடையாள எண் உண்டு. நம் ஆதார் மாதிரி என்று வைத்துக்கொள். பேங்க், ஆஸ்பத்திரி, சிம் கார்டு எல்லாவற்றுக்கும் அதுதான். ஊசிக்குக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தில் அடையாள எண்ணுக்கு இடம் இருக்கிறது, பாஸ்போர்ட்டுக்கும் இருக்கிறது, அகதி அனுமதிச் சீட்டுக்கும் இருக்கிறது. அதுவரைக்கும் குறை சொல்ல முடியாது. 50 வயது தாண்டியவர்களுக்கு ஜூலை 1-ம் தேதி திறந்தார்கள், நானும் பதிந்தேன். அங்கேயே முதல் முட்டுக்கட்டை: குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக விடாது. என் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி என்பது உனக்குத் தெரியும், அப்பா வாங்கிக் கொடுத்த ஒற்றைப் பெயர்தான். இங்கேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிற நம்மவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கவுண்டர் என்பது கோவெண்டர் ஆகி, முதலியார் மூட்லி ஆகி, என்றைக்கோ குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டது. நான் அப்பா பெயரைப் போட்டு நகர்ந்தேன். பதிவானது என்று எஸ்.எம்.எஸ். வந்தது. எந்த நாள், எந்த இடம் என்று அடுத்த எஸ்.எம்.எஸ். வர வேண்டும். வரவில்லை.

அந்த மாதம் இங்கே நடந்ததை நீ டிவியில் பார்த்திருப்பாய். முன்னாள் ஜனாதிபதி ஜூமா ஜூலை 7-ம் தேதி ராத்திரி ஜெயிலுக்குப் போனார். அடுத்த நாட்களில் இந்த மாகாணமே எரிந்தது. 300 பேருக்கு மேல் செத்தார்கள். கடைகளோடு மருந்துக்கடைகளையும் சூறையாடினார்கள், ஊசி போடும் இடங்கள் பல மூடிவிட்டன. நாங்கள் கோயில் பின்கட்டிலேயே கிடந்தோம். ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசை. பக்கத்தில் நம்மவர்கள் நிறைய வாழ்கிற பீனிக்ஸ் பகுதியில் நடந்தவற்றை எழுத எனக்கு மனசு வரவில்லை, அந்தக் காயம் இங்கே யாருக்கும் ஆறவில்லை. ஆடி மாதம், கூழ் ஊற்ற வேண்டிய சமயம். கிருமிக்காக வழிபாட்டுக் கூட்டத்துக்கு ஏற்கெனவே தடை போட்டிருந்தார்கள். அம்மன் தனியாக இருந்தாள்.

கலவரம் அடங்கியதும், எஸ்.எம்.எஸ். இல்லாமலே நேரில் போகலாம் என்றார்கள். போனேன். வாசலில் செக்யூரிட்டி, "ஐடி?" என்றார். பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். புரட்டி விசா ஒட்டியிருக்கிற பக்கத்தைப் பார்த்து, தேதி முடிந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தேதி முடிந்தது உண்மைதான். ஆனால் லாக்டவுன் வந்த பிறகு முடிந்த விசாக்களை அரசாங்கமே நீட்டித்து நீட்டித்துக் கொண்டுபோகிறது. அந்த நீட்டிப்பு அரசிதழில் இருக்கிறது, என் பாஸ்போர்ட்டில் இல்லை. காலை வெயிலில் வாசலில் நிற்கிறவரிடம் அரசிதழைப் பற்றி என் இங்கிலீஷில் நான் எங்கே பேசுவது? இன்னொன்றும் கவனி. ஊசிக்கு விசா பார்க்க வேண்டும் என்று விதியே கிடையாது. யார் என்று தெரிந்தால் போதும்.

வேறொரு இடத்தில் உள்ளே விட்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என் பாஸ்போர்ட் எண்ணை அடையாள எண்ணுக்கான கட்டத்தில் அடித்தாள். நம் பாஸ்போர்ட் எண் ஒரு எழுத்தும் ஏழு இலக்கமும். அந்தக் கட்டமோ 13 இலக்கம் கேட்கிறது, எழுத்தைத் தொடவே தொடாது. "நீங்கள் சிஸ்டத்தில் இல்லை" என்றாள். கீழே பாஸ்போர்ட் என்று தனியாக இருக்கிறது என்று விரலால் காட்டினேன். அதற்குள் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் கெட்டவள் இல்லை அக்கா. நாள் முழுக்கப் பிளாஸ்டிக் முகமூடிக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குப் பாஸ்போர்ட்காரர்களை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதிகாரம் பண்ணிய ஆள் கண்ணில் பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கடைசியில் காரியம் முடிந்தது கோயிலுக்கு வருகிற ஒரு ஆயாவால். 80 வயதுக்குக் கிட்டத்தட்ட. தமிழ் கொஞ்சம்தான், சாமி பாட்டு மட்டும் தடங்கல் இல்லாமல் வரும். நான் திரும்பி வந்ததைக் கேள்விப்பட்டு, "வா தம்பி, காரில் ஏறு" என்றார். போகிற வழியில் சொன்னார்: 1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து நம் கூலிக்காரர்களின் முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியது, அதற்குப் பிறகு 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்கள். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். ஆயாவுடைய தாத்தாவுக்கும் உண்டு. அந்த நம்பரை வைத்துத்தான் இப்போது பேரன் பேத்திகள் சொந்த ஊர் எது என்று தேடுகிறார்கள். நம்பர் கொடுத்தார்களே தவிர இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்று சொல்ல 1961 வரைக்கும் மனசு வரவில்லை, ஆயா பிறந்து வளர்ந்து பெரியவளான பிறகுதான் சொன்னார்கள். "அதனால் வாசலில் நிறுத்தினால் கோபம் வரும் எனக்கு" என்றார்.

அந்தக் கோபத்தை நான் நேரில் பார்த்தேன். செக்யூரிட்டி வாயைத் திறப்பதற்குள் ஆயா கைத்தடியோடு உள்ளே போய்விட்டார். இந்த ஊர் ஜூலு இனத்து நர்ஸ் ஒருவர், இங்கே எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள், எழுந்து வந்து பாஸ்போர்ட்டைப் பார்த்தார். புதிதாக ஒரு பதிவு போட்டார், பைசர் ஊசியைக் குத்தினார், அட்டையில் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், சாரத்தில் ஏறுகிற நேரம்கூட ஆகவில்லை. இரண்டாவது ஊசிக்கு 42 நாள் இடைவெளி. இந்த மாதக் கடைசியில் வருகிறது. பழைய பதிவில் அப்பா பெயரோடு ஒரு ஆள், புதிய பதிவில் பெயரை இரண்டு தடவை எழுதிய ஒரு ஆள், ஆக இப்போது சிஸ்டத்தில் நான் இரண்டு பேர். இதில் எந்த ஆளுக்குச் சான்றிதழ் தருவார்களோ.

என்னை விடு. மனசை அரிக்கிறது வேறொன்று. எனக்குச் சாந்து குழைத்துக் கொடுக்கிற மலாவிக்காரப் பையனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, நான் செய்த யாளிக்குப் பல் வைத்துப் பார்த்துச் சிரித்தானே, அவன்தான். பஸ் ஏறி வந்தவன். அவன் பாஸ்போர்ட்டே காலாவதி, அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது. பதிவுப் பக்கத்தில் எனக்காவது ஒரு கட்டம் இருந்தது, அவனுக்கு ஒரு கட்டமும் இல்லை. வா, ஆயாவோடு போய்ப் பார்ப்போம் என்றால் வரமாட்டேன் என்கிறான். வரிசையில் போலீஸ் நின்றால் ஊசிக்குப் பதில் பிடித்துக்கொண்டு போய் எல்லையில் விட்டுவிடுவார்கள் என்று பயம். மாதாமாதம் அவன் அனுப்புகிற பணத்தில் அங்கே ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. அவன் பயத்தை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். ஜூலையில் அவனுக்குக் காய்ச்சல், இருமல். எந்த டாக்டரிடமும் போகாமல் மணல் குவியல் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்திருந்து எழுந்தான்.

இப்போது நிலைமை எப்படி என்றால், ஆகஸ்ட் 20-லிருந்து 18 வயதானவர்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனால் கூட்டம் குறைந்துவிட்டது. ஊசி வேண்டாம், அதில் ஏதோ இருக்கிறது என்று வாட்ஸாப்பில் வருவதை நம்பி நிறையப் பேர் ஒதுங்குகிறார்கள். சிஸ்டர்கள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ரேடியோவில் தினம் வாருங்கள் வாருங்கள் என்று கெஞ்சல். போட்டுக்கொள்ளக் கை நீட்டுகிறவனுக்குக் கட்டம் இல்லை. இதை எழுதும்போதே நம் ஊர் நினைவு வருகிறது. செங்கல் சூளையில் வடக்கத்திக் குடும்பங்கள் இருக்கின்றனவே, அவர்களுக்கு முகாமில் போட்டார்களா? ஊர்க்காரர்கள் முடிந்த பிறகு வா என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களா? மருமகனை ஒரு நடை போய் விசாரித்து எனக்கு எழுதச் சொல்.

வேலை விஷயம். போன திங்கட்கிழமையிலிருந்து கட்டுப்பாடு இன்னும் தளர்ந்திருக்கிறது, வெளியிடத்தில் 500 பேர் வரைக்கும் கூடலாம். கமிட்டிக்காரர்கள் கும்பாபிஷேகத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கோபுரத்தில் மேல் நிலையில் துவாரபாலகர்களும் வர்ணமும் பாக்கி. புரட்டாசி பிறந்துவிட்டது. இங்கே மாதம் முழுக்கக் கவிச்சியைத் தொடாதவர்கள் எத்தனை பேர் தெரியுமா, நம் தெருவைவிடக் கண்டிப்பு. சனிக்கிழமை தோறும் எங்களுக்கு ஏழெட்டு வீட்டிலிருந்து சாப்பாடு வந்துவிடுகிறது, சமைக்கிற வேலை மிச்சம்.

திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டாய். இந்தியாவுக்கு வழக்கமான விமானம் இன்னும் விடவில்லை. கிடைக்கிற ஒன்றிரண்டிலும் டிக்கெட் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. நடுவில் எந்த ஊரில் இறங்கி மாறினாலும் சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பார்கள். அதனால் இரண்டாவது ஊசி அன்றைக்கு அந்த சிஸ்டரையே பிடித்து, இரண்டு ஆளையும் ஒரே ஆளாக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். ஆயா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்று தெருவில் யாரிடமும் சொல்லி வைக்காதே. பணம் இந்த வாரம் போட்டிருக்கிறேன், மழைக்கு முன்னால் பின்பக்க ஓட்டை மாற்றிவிடுங்கள், மீதியை அம்மா திவசத்துக்கு எடுத்து வை. கூட இருக்கிற சின்னப் பையனின் அம்மாவுக்கு ஒரு போன் செய்து, அவனும் போன வாரம் ஊசி போட்டுக்கொண்டான், ஒரு நாள் காய்ச்சலோடு சரியாகிவிட்டது என்று சொல்லிவிடு. அவன் சொன்னால் அவர்கள் நம்பமாட்டேன் என்கிறார்களாம்.

அன்புடன்,
தம்பி